சுவரில் சிவப்பு அம்பு

என்னங்க,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் எழுந்து அடுப்பை உள்ளறைக்கு நகர்த்தினேன். மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நம் தெருவையும் அகலப்படுத்தப் போகிறார்களாம். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது வந்து, சமையலறைச் சுவரில் சிவப்பு அம்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். பெயிண்ட் போகவில்லை, சுண்ணாம்புதான் உதிர்கிறது.

எதிர்வீட்டு டெய்லர் அக்கா வந்தார். அவர் வீட்டுச் சுவரிலும் அம்பு போட்டிருக்கிறார்கள்.

"உன் வீட்டுக்காரரும் வெளியூர்ல இப்படித்தானே குறி போடுறாரு? அம்புக்கு எந்தப் பக்கம் இடிப்பாங்கன்னு சொல்லும்மா."

"தெரியலையேக்கா" என்றேன்.

போன லீவில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே தட்டில் விரலால் வரைந்து காட்டியது மறந்தா போகும்? அம்பு காட்டுகிற பக்கம் போய்விடும். அக்காவின் தையல் மெஷின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நம் அடுப்பும்.

உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை. நாளைக்குப் பெயிண்ட் டப்பாவோடு போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். உள்ளேயிருந்து யாராவது வந்து கேட்டால், என்னைப் போலத் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி