உன் படத்துக்கு வந்த சீட்டுகள்

அன்புள்ள மகளுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன். போன வாரம் தொலைபேசியில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். உன் படத்தை இங்கே பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஒன்று. இனி இரத்தம் ஏற்ற வேண்டாம் என்ற முடிவை அப்பா மாற்றிக்கொண்டாரா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. முதலாவதற்குத்தான் இத்தனை தாள் பிடிக்கிறது.

இதைப் பேசியே முடித்திருக்கலாமே என்பாய். பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், பாதியில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். விரைவுத் தபாலில் மூன்று நாளில் கிடைக்கும் என்கிறார்கள். பொறுமையாகப் படி.

நம் குடியிருப்பின் வாசக அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் படம் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. படம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு தருவார்கள். மூன்று வாக்கியத்துக்கு மேல் எழுதக் கூடாது, பெயர் போடக் கூடாது, மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். செயலாளர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். யார் வேண்டுமானாலும் அதைப் பற்றிப் பேசலாம். எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. தன் கருத்தைப் பிறர் கிழித்துப் போடும்போது சும்மா இருக்கப் பழகுவதுதான் நாகரிகம் என்பது செயலாளரின் கொள்கை. அவர் பல் டாக்டர். பிறரை வாயைத் திறக்கச் சொல்லியே ஆயுள் கழித்தவருக்கு இப்படி ஒரு விதி தோன்றியதில் வியப்பில்லை.

கதை எழுதியது நீ என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் இருபத்தேழு பேரும் ஒரே மாதிரி பாராட்டு எழுதியிருப்பார்கள். அது உனக்கும் பயன்படாது, எனக்கும் பொறுக்காது. அப்பாவையும் அழைத்துப் போனேன். சக்கர நாற்காலியில், கடைசி வரிசையில், நான் பின்னிய அந்த அவலட்சணமான சாம்பல் நிறச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

நீ எழுதியதும் நான் பார்த்ததும் ஒன்றுதானா என்று நீயே சரிபார்த்துக்கொள். நகரத்தில் இருபதாவது மாடி வீடு. கறுப்புத் திரை போட்ட உயரமான சன்னல்கள். உள்ளே முந்நூறு வயது இரத்தக் காட்டேரி ஒருவன், அவன் மகளாக வளர்த்த மனுஷப் பெண் ஒருத்தி. அவள் இரத்த வங்கியில் வேலை பார்க்கிறாள். தினமும் பிளாஸ்கில் கொண்டுவந்து கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறாள். கிழவனுக்கு அலுத்துவிட்டது. திரையை விலக்கி ஒரே ஒரு முறை வெயிலில் உட்கார வேண்டும், அத்தோடு முடிந்துவிட வேண்டும் என்கிறான். மகள் கொத்தனாரை அழைத்து வந்து எல்லாச் சன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறாள். இரத்த வங்கியில் அவளைப் பிடித்து வெளியேற்றியதும் தன் மணிக்கட்டையே நீட்டுகிறாள். அவன் அழுதுகொண்டே குடிக்கிறான். அவள் வெளுத்துப்போய்ச் சிரிக்கிறாள். அத்துடன் படம் முடிகிறது. விளக்கைப் போட்டபோது பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். உனக்கு அது நல்ல செய்தி என்றால் எடுத்துக்கொள்.

இனிச் சீட்டுகள். பெயர் இல்லாவிட்டால் என்ன, முப்பத்து நான்கு ஆண்டு விடைத்தாள் திருத்தியவளுக்குக் கையெழுத்தே முகம். செயலாளர் படிக்கப் படிக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு யார் யார் என்று தெரிந்துகொண்டே வந்தது.

மூன்றாம் மாடிச் சமூகவியல்காரர், காட்டேரி என்பது மூலதனத்தின் குறியீடு என்று எழுதியிருந்தார். அவருக்குப் போன மாதப் படத்தில் வந்த நாய்க்குட்டியும் மூலதனம்தான். மருந்துக் கடைக்காரர் மனைவி, அடைத்த சன்னல்தான் கல்யாணம் என்று எழுதியிருந்தார். கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "யாரோ நல்லா அனுபவப்பட்டு எழுதியிருக்காங்க" என்று ரசித்துச் சிரித்தார். எதிர் வீட்டு நர்ஸ், குரூப் பார்க்காமல் யார் இரத்தத்தையும் குடித்தால் அரை மணியில் குளிர் கண்டுவிடும் என்று எழுதியிருந்தாள். செயலாளரும் ஒரு சீட்டு போட்டிருந்தார்: கோரைப்பல் அந்த இடத்தில் அந்தக் கோணத்தில் முளைக்கவே முளைக்காது என்று. அதைத் தானே வாசித்து, "இத எழுதினவர் விஷயம் தெரிஞ்சவர்" என்று தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்.

மகளின் தியாகத்தைப் புகழ்ந்து மட்டும் பதினான்கு சீட்டு. பெற்றவரை இப்படிக் காப்பாற்றும் பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று ஒன்றில் இருந்தது. நீ அப்படித்தான் நினைத்து எழுதினாயா என்று எனக்குத் தெரியாது. நான் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் தாவரவியல். எனக்கு வேர் என்றால் வேர். அது வேறு எதற்கும் அடையாளம் இல்லை.

இருபத்து மூன்றாவதோ நான்காவதோ எடுத்த சீட்டை அப்படியே எழுதுகிறேன். மூலத்தையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். "கிழவன் 'போதும்' என்று மூன்று முறை சொல்கிறான். மூன்று முறையும் எதிரில் இருப்பவள் வேறு எதற்கோ பதில் சொல்கிறாள். இந்தப் படத்தில் எனக்குப் பயம் தந்த இடம் அது ஒன்றுதான்."

வலக் கையில் ஊசி குத்திக் குத்தி வீங்கியதிலிருந்து அப்பாவின் எழுத்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் ஒற்றுப் புள்ளி ஒன்றுகூடத் தவறாது. பத்திரிகை அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவர் கை அது.

இந்தச் சீட்டுக்குத்தான் அன்று அதிக நேரம் விவாதம் நடந்தது. சமூகவியல்காரர் எழுந்து நின்றே பேசினார். "இது ஒரு தனி மனுஷன் இல்லீங்க. தன்னோட காலம் முடிஞ்சதுன்னு தானே உணர்ந்துட்ட ஒரு நாகரிகம். அந்தக் குரல்தான் இந்தப் போதும்" என்றார். மருந்துக் கடைக்காரர் விடவில்லை. "அதெல்லாம் இல்ல சார், மகளோட மனசாட்சி பேசுது. வெளியில ஆளே கிடையாது, எல்லாம் அவ மனசுக்குள்ள" என்றார். மூன்று 'போதும்' என்பது நேற்று, இன்று, நாளை என்று ஓர் அம்மாள் கண்டுபிடித்தார். கடைசியில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் கையைத் தூக்கி, "ஏன் சார், அந்தாளு போதும்னு சொன்னா, போதும்னு அர்த்தமா இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. "அப்படி நேரா எடுத்துக்கிட்டா அப்புறம் கலை எதுக்குங்க?" என்றார் பல் டாக்டர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து, இருமி, சால்வையால் வாயை மூடிக்கொண்டார். எழுதியவர் பேசக் கூடாது என்ற விதியை அவர் ஒருவர்தான் அன்று ஒழுங்காகக் கடைப்பிடித்தார். நர்ஸ் மட்டும் சிரிக்காமல் தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை அவர் கையில் நரம்பு கிடைக்காமல் ஐந்து இடத்தில் குத்திப் பார்த்தவள் அவள்தான்.

லிப்டில் ஏறியதும் அப்பா என்னிடம், "என்ன புரொபசர், என்னை ஒரு நாகரிகமாவே ஆக்கிட்டாங்க பாத்தியா?" என்றார். பிறகு, "சீட்ட அவளுக்கு அனுப்பிடு. அவ சரியாப் படிப்பா" என்றார்.

அனுப்பிவிட்டேன். அவர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்தியபோது ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றினார்கள். அது மாதமாகி, இப்போது ஒன்பது நாளில் வந்து நிற்கிறது. காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். மறுநாள் குளிர்க் காய்ச்சல். அதற்கடுத்த மூன்று நாள் மனிதராக இருக்கிறார். செய்தித்தாள் படித்து அச்சுப்பிழைக்குக் கோபப்படுகிறார். பிறகு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அந்த மூன்று நாளுக்காக மற்ற ஆறு நாளைச் சுமக்க முடியவில்லை என்று டாக்டரிடம் அவரே வாய்விட்டுச் சொன்னார். டாக்டர் மறுக்கவில்லை. முடிவு அவருடையது, மூச்சுக்கும் வலிக்கும் வீட்டிலேயே மருந்து தரலாம், குடும்பம் ஒரே குரலாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார்.

மறுநாள் நீ டாக்டரைக் கூப்பிட்டு, "நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று கெஞ்சியிருக்கிறாய். அவர் எங்களை அழைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இந்த இடத்தில் உன் மேல் மட்டும் பழி போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நான் மேசையில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு ஆண்டு வாய் ஓயாமல் பாடம் நடத்தியவளுக்கு, என் கணவர் சொன்னது சொன்னதுதான் என்று ஒரு வாக்கியம் வரவில்லை. நீ கேட்டது எனக்கும் வேண்டியிருந்தது. அப்பா எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து, "சரி, ஏத்துங்க" என்று கையை நீட்டினார். ஆகவே உன் படத்தில் செங்கல் எடுத்துக் கொடுக்கிற ஆள் ஒருத்தியைச் சேர்க்க நினைத்தால், ஆள் தேட வேண்டாம்.

அதன் பிறகு மூன்று முறை ஏற்றியாகிவிட்டது. நீ வரவில்லை. ஒரு முறை படத்தின் வெளியீடு, ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை டிக்கெட். எதையும் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ வரும்வரை நிறுத்தக் கூடாது என்பது பேச்சு. நீ வராமல் இருக்கும்வரை நிற்காது என்று உன் மனம் அதை எப்போதோ திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டது. அப்பாவுக்கு இது புரிந்து பல நாளாகியிருக்கும். என்னிடம்கூட அவர் சொல்லவில்லை. நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கே உறைத்தது.

அந்த மூன்று 'போதும்'களையும் எழுதியவள் நீதான். இங்கே இருபத்தேழு பேர் பார்த்தோம்; அப்பாவையும் வேன் ஓட்டுகிறவரையும் தவிர ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. உனக்கு எழுதும்போதே விழுந்திருக்கிறது. அவர் குரல், அவர் நிறுத்தும் இடம், இரண்டாவது முறை சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றுவது வரை அப்படியே இருக்கிறது. இவ்வளவு கேட்டவள் கேட்காதவள் மாதிரி இருப்பது எத்தனை கடினம் என்று நினைத்தால், உன்னை அதட்டவும் தோன்றவில்லை. எனக்கே களைப்பாக இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே களைப்பாக இருக்கிறது.

அடுத்த முறைக்கு இருபத்தோராம் தேதி குறித்திருக்கிறார்கள். அப்பா போகப்போவதில்லை. இந்த முறை நான் அவர் பக்கத்தில் நின்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இனி நீ டாக்டரைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் அந்த மனிதர் தயங்குவார்; இவர் மறுபடி கையை நீட்டிவிடுவார். உனக்காக எதையும் தாங்கிக்கொள்வார் என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்பது நியாயமில்லை.

வேறு செய்தி பெரிதாக இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் மறுபடி கத்துகிறது. என் முழங்கால் அதோடு போட்டி போடுகிறது. உன் அறையில் புது விரிப்பு போட்டிருக்கிறேன். நிறம் உனக்குப் பிடிக்காது.

நீ வா. புதுச் சிகிச்சை, புது டாக்டர் என்று கோப்பு எதுவும் தூக்கிக்கொண்டு வராதே, வெறுங்கையோடு வா. உன் படத்தில் பதினோரு பிழை கண்டுபிடித்து அப்பா குறித்து வைத்திருக்கிறார். எனக்குக் காட்ட மறுக்கிறார், கடிதத்தில் எழுதச் சொன்னாலும் மாட்டேன் என்கிறார்; உன்னை எதிரில் உட்கார வைத்துத்தான் சொல்வாராம். காலை பத்திலிருந்து பதினொன்று வரைதான் இப்போது தெளிவாகப் பேசுகிறார். நடுவே நீ எதிர்வாதம் செய்யாமல் இருக்கமாட்டாய், அவரும் விடமாட்டார். நாளைக்கு ஒன்று என்று வைத்தாலும் பதினோரு நாள் வேண்டும். அத்தனை நாள் இருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, கிளம்பு.

உன் அம்மா