ஜூலி சொன்ன அந்தத் தோழி

வெள்ளி, இரவு

சாயங்காலம் ஜூலி லைவில் வந்தாள். ஏற்காட்டைச் சுற்றிக் காட்டும் சேனலை அவள் தொடங்கிய பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் ஒரு வீடியோவையும் நான் விட்டதில்லை.

பழைய தோழி யாராவது உண்டா என்று யாரோ கேட்டார்கள். ஜூலி சிரித்தாள். "ஒருத்தி இருந்தாளுங்க. காலேஜ் பஸ்ஸுல மலை இறங்கறப்ப எனக்கு வாந்தி வரும்னு ஜன்னல் சீட்டை விட்டுக் குடுப்பா. இப்பப் பேசறதில்லீங்க. நல்லா இருக்கட்டும்."

எஸ்டேட்டிலிருந்து அப்போதுதான் வந்த அம்மாவும் கேட்டுவிட்டாள். "உன்னையத்தான் கண்ணு சொல்லுது. நொம்பப் பாசமான புள்ளை. நீயே ஒரு போனைப் போட்டா கொறைஞ்சா போயிருவ?"

அம்மாவுக்குத் தெரியாது. வளைவுகளில் வாந்தி எடுத்தது நான். ஜன்னல் சீட் எப்போதும் எனக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஜூலி எலுமிச்சம்பழத்தை நீட்டுவாள்.

என் மானத்தைக் காப்பாற்ற மாற்றிச் சொன்னாளா? அல்லது அவளுக்கும் குமட்டி, எனக்காக அடக்கிக்கொண்டிருந்தாளா? நான் லீவு போட்ட நாட்களில் வெள்ளக்கடை ஊர்க்காரி ஷெரின்தான் அவள் பக்கத்தில் உட்காருவாள். ஷெரினும் இப்போது அவள் வீடியோக்களில் வருவதில்லை. ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தவள் ஷெரின்தானோ? என்னிடம் மறைத்ததை ஜூலி அவளிடம் சொல்லியிருப்பாளோ என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலியின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். "அது நீ இல்லடி" என்று அவள் சொல்லிவிட்டால்? அவள் இழந்த தோழி நான் ஒருத்திதான் என்றல்லவா இத்தனை நாள் இருந்தேன்.