வந்து சேர்ந்தது

மார்ச் 4, செவ்வாய்
தம்பி வீட்டை விட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். போஸ்டரில் வீட்டு போன் நம்பரைப் போட்டது என் புத்திசாலித்தனம். வெட்டிப் பயல்கள் தினம் பத்துப் பேர் கூப்பிட்டார்கள். ஒருவன் அழுதுகாட்டினான், தம்பியின் குரலாம். அம்மா அதையும் நம்பினாள். நேற்று நம்பரையே துண்டித்துவிட்டேன். இனி அவனே கூப்பிட்டாலும் இங்கே மணி அடிக்காது.

வெப்சைட் ஒன்று போடு, எழுதி அனுப்ப ஒரு பெட்டி வை, போஸ்டரில் அந்த முகவரி மட்டும் போதும் என்றார் போலீஸ்காரர். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடத் தெரியும். அவ்வளவுதான் என் கம்ப்யூட்டர்.

மார்ச் 6, வியாழன்
வெப்சைட் போடச் சொல்லித்தரும் வீடியோவில் பேசுகிறவன் "ரொம்ப ஈஸி" என்று நான்கு முறை சொன்னான். நாசமாய்ப் போக. ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டதற்கு முழுப் பக்கமும் வெள்ளை. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம்.

தம்பி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருப்பான். வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவனிடம் என்ன சொன்னேன் நான்? "நீ இல்லேன்னாதான் இந்த வீடு உருப்படும்." போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 7, வெள்ளி
அவன் போட்டோ பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வருகிறது. அம்மா பார்ப்பதற்குள் மூடிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
பக்கம் ஊருக்கே தெரிகிறது! படம் நேராக நிற்கிறது. வயது இருபத்து நான்கு, உயரம் ஐந்தடி ஆறு, இடது புருவத்தில் தழும்பு. கீழே எழுதும் பெட்டி, "அனுப்பு" என்று ஒரு பொத்தான். அழுத்தினால், "நன்றி. உங்கள் செய்தி வந்து சேர்ந்தது." அந்த வரி நானே எழுதியது. அம்மா ஆறு முறை அழுத்திப் பார்த்தாள். புது போஸ்டர் அறுபது ஒட்டினோம்.

மார்ச் 14, வெள்ளி
ஒன்றும் வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்
இதுவரை ஆயிரத்து நூறு பேர் பார்த்ததாகக் காட்டுகிறது. ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறானா? அது எந்த மாதிரி இடம்? வேண்டாம், எழுத மாட்டேன்.

கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அம்மா "யாராச்சும் எழுதினாங்களா" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்
கடையில் லென்ஸ் வெட்டும் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "போன வாரமே அந்தப் பெட்டியில உனக்கு எழுதிப் போட்டேனே, பாக்கலையாம்மா?" ஆறுதலாக நாலு வரி எழுதினாராம்.

வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தேன். பெட்டி இருக்கு, பொத்தான் இருக்கு, நன்றி இருக்கு. செய்தி எங்க போகணும்னு நான் எங்கயும் எழுதவே இல்ல. எழுதணும்னே எனக்குத் தெரியாது. பதினோரு நாள்! அழுத்தினவங்க எல்லார்கிட்டயும் வந்து சேர்ந்ததுன்னு சொல்லிருக்கு. ஒண்ணுகூடச் சேரல. எல்லாம் காத்தோட போச்சு. யார் எழுதினாங்க? என்ன எழுதினாங்க? அவனைப் பாத்தவங்க யாராச்சும் — ஐயோ, அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?

மார்ச் 21, வெள்ளி
சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "சரி பண்ணு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கடைக்கு லீவு. சாயங்காலம் பெட்டியிலிருந்து என் மெயிலுக்கு ஒரு செய்தி வந்தது. நானே எழுதி நானே வாங்கிக்கொண்ட "சோதனை". அதைப் பார்த்தே அழுதேன். பக்கத்தின் உச்சியில் சிவப்பில் போட்டேன்: முன்பு எழுதியவர்கள் மன்னிக்கவும். எதுவும் எங்களுக்கு வரவில்லை. தயவுசெய்து மறுபடி எழுதுங்கள்.

மார்ச் 22, சனி
இல்லை.

மார்ச் 24, திங்கள்
கடையில் நின்றபடி படித்தேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"அக்கா, என் உயரம் அஞ்சு எட்டு. மாத்து. இது நாலாவது தடவை எழுதுறேன். மூணு தடவையும் வந்து சேர்ந்ததுன்னுதான் சொல்லுச்சு. நீ கூப்பிடல, இன்னும் கோவம் தீரலன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னிக்குத்தான் செவப்பு எழுத்தைப் பாத்தேன். நான் இருக்கற லாரி ஷெட் போன் நம்பரைத் திரும்பக் கீழ போடுறேன். அம்மா மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?"

மூன்று தடவை. மூன்று தடவை என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான், நான் நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 26, புதன்
வந்து சேர்ந்த தம்பியைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேல் வைத்து அளந்தேன். அம்மா பென்சிலால் கோடு போட்டாள். ஐந்தடி ஏழுதான். முடியைச் சேர்த்தால் எட்டாம்.