எழுபது டிகிரி

தம்பானூர், திருவனந்தபுரம்
8 ஜூலை 1999

அன்புள்ள ரத்னாவுக்கு,

நானும் அனுஷாவும் சுகம். அங்கே வெயில் கடுமை என்று எழுதியிருந்தாய். டூட்டி முடிந்தால் வெயில் தாழ்ந்த பிறகே ஹாஸ்டலுக்கு நட.

வலது தோள் வலிக்கிறது என்று போன கடிதத்தில் சொன்னேனே, அது குறையவில்லை. தலை சீவ முடியவில்லை. சட்டையை அனுஷாதான் மாட்டிவிடுகிறாள். பழவங்காடியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். தோள் மூட்டு இறுகிவிட்டது, ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார்கள். பத்து நாள் லேசர். கறுப்புக் கண்ணாடி போட்டு உட்காரவைத்து, பேனா போன்ற ஒன்றைத் தோளில் அங்கங்கே வைத்து எடுக்கிறார்கள். சூடும் இல்லை, குத்தலும் இல்லை. பிறகு அஸ்வதி என்ற பிசியோதெரபிப் பெண், சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றச் சொல்கிறாள். என் எறும்பு நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏற மறுக்கிறது.

லாட்ஜ் வேனில் விமான நிலையம், கோவளம், அவ்வளவுதான் ஓட்டம். மலைக்குப் போவதில்லை. கவலைப்படாதே.

உன்
திரவியம்


மஸ்கட்
20 ஜூலை 1999

அன்புள்ள அனுஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அனுஷாவின் கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன.

லேசர் வலியைத் தணிக்கும். இறுகியதை இளக்குவது பயிற்சிதான். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். என் வார்டிலேயே பார்க்கிறேன், வலி விட்டதும் பயிற்சியையும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும், ரத்தம் பாருங்கள்.

அடுத்து நான் எழுதப்போவதற்குக் கோபப்படக் கூடாது. அனுஷா எழுதியிருக்கிறாள்: “ஞாயிற்றுக்கிழமை அப்பா பொன்முடி போயிட்டு வந்து இடது கையாலதான் சோறு தின்னாங்க.” மலைக்குப் போவதில்லை என்று எனக்கு ஏன் எழுதினீர்கள்? கல்லாறு தாண்டினால் இருபத்திரண்டு வளைவு. இடது கை கியருக்குப் போகும் நேரத்தில் ஸ்டியரிங்கில் இருப்பது அந்த வலது கை ஒன்றுதானே?

உங்கள்
ரத்னாபாய்


தம்பானூர்
3 ஆகஸ்ட் 1999

அன்புள்ள ரத்னாவுக்கு,

பொய் சொன்னது தப்புதான். மலை ஓட்டத்துக்கு ஆள் இல்லை என்று முதலாளி நாகேஸ்வரன் கேட்கும்போது தோள் வலி என்று எப்படிச் சொல்ல? நாளைக்கே வேறு டிரைவர் வந்துவிடுவான்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீ கேட்கக் கூடாது. வளைவில் கை எட்டாவிட்டால் உடம்பையே ஸ்டியரிங்மேல் சாய்த்துத் திருப்பிவிடுவேன். போன வாரம் ஏழாவது வளைவில் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. முன்சக்கரம் ஓரக் கல்லில் இடித்தது. அந்தப் பக்கம் மூடுபனிதான் தெரிந்தது. பின்னால் எடுத்து மறுபடி திருப்பினேன். வண்டியில் இருந்தவர்கள் வளைவு என்றால் இப்படித்தான் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இப்போது நல்ல குணம் தெரிகிறது. லேசர் முடிந்தது, வலி பாதிக்கு மேல் போய்விட்டது. ராத்திரி தூங்குகிறேன். சர்க்கரை கொஞ்சம் உண்டு, மாத்திரை தந்திருக்கிறார்கள். அஸ்வதி ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள்.

28ஆம் தேதி சனிக்கிழமை அனுஷா வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரைப் பொன்முடிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். அப்பா ஓட்டுகிற வண்டி என்று அவள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

உன்
திரவியம்


மஸ்கட்
14 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அனுஷா அப்பாவுக்கு,

சீட்டை மூன்று தடவை படித்தேன். முதல் நாள் கை எழுபது டிகிரி தூக்கினீர்கள். பத்தாம் நாளும் எழுபது டிகிரிதான். வலி மட்டும் குறைந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். வலித்தபோது ஜாக்கிரதையாக இருந்தீர்கள், இனி இருக்க மாட்டீர்கள். அடியில் அஸ்வதி எழுதியிருக்கிறாள்: வண்டி ஓட்டக் கூடாது, இரண்டு முறை சொல்லியாயிற்று.

நீங்களே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது உங்கள் தீர்மானமாக இருக்கும். 26ஆம் தேதி மாலை லாட்ஜுக்கு ஃபோன் செய்வேன். அதற்குள் சொல்லியிருந்தால் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

இதை எழுதும்போதே, நீங்கள் என்னை இனி எப்படி நினைப்பீர்கள் என்று தெரிகிறது. அந்த வேனில் இருபது சீட். ஒன்றில் அனுஷா.

ரத்னாபாய்


தம்பானூர்
30 ஆகஸ்ட் 1999

ரத்னாபாய்க்கு,

உன் கடிதம் 24ஆம் தேதியே வந்தது. படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

26ஆம் தேதி நாகேஸ்வரன் கூப்பிட்டார். ரூம் எடுக்க வந்த நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “திரவியம், சாவிய இங்க வச்சிரு. உன் பெஞ்சாதி ஃபோன்ல எல்லாம் சொல்லிட்டா. நீயில்லா இத சொல்லணும்?” என்றார். வைத்தேன். இருபத்தொரு வருடம் ஓட்டியிருக்கிறேன், என் பேரில் ஒரு கேஸ் கிடையாது.

சனிக்கிழமை ஷிபு என்ற வேறு டிரைவர் ஓட்டினான். பிள்ளைகள் பாடிக்கொண்டே போய்ப் பாடிக்கொண்டே திரும்பினார்கள். நான் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள். இல்லை என்று உன்னால் காட்ட முடியுமா? ஆனால் லாட்ஜில் எல்லோரும், நான் கொல்ல இருந்தேன், நீ காப்பாற்றினாய் என்பதுபோல் பார்க்கிறார்கள். இப்போது கேட்டில் நின்று கார்களுக்குக் கதவு திறக்கிறேன், இடது கையால்.

அனுஷா சொன்னாள்: “அப்பா வராட்டி நானும் போவாண்டாம்னுதான் சொன்னேன். டீச்சர்தான் ஏத்திவிட்டாங்க.” அவளுக்கு என்ன பதில் என்று நீயே எழுது. எனக்கு எழுத வேண்டாம். எத்தனை நாளைக்கு என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

நேற்று சர்ச்சுக்குப் போகவில்லை. ஷெட்டில் வேன் பூட்டாமல் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். இடது கையைக் கியரில் வைத்துக்கொண்டு, வளைவில் போவதுபோல் வலது கையை ஸ்டியரிங்கோடு மேலே கொண்டுபோனேன்.

கை எங்கே நின்றது என்று உனக்கு எழுத மாட்டேன்.

திரவியம்