மன்றத்தில் ஒரு காலி நாற்காலி

மகள் ஜிபாராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் பையன் எல்தியாரும் இருக்கிறோம், மாடு கன்று போட்டுவிட்டது, பனி இன்னும் விடவில்லை. நீ அந்த மாஸ்கோ குளிரில் கழுத்தை மூடாமல் வேலைக்கு ஓடாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா போனபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை, பள்ளிக்கூடம் விட்டதும் பையனைக் கூட்டிக்கொண்டு ஊர் மன்றத்துக்குப் போய்விடுகிறேன். அம்மா காரியத்துக்கு அண்டாவும் தட்டும் எடுத்துவந்தோமே, அதே இடம்தான். இப்போது கீழே பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை, மேசைப் பந்து, பெண்களுக்குத் தையல் மிஷின், சனிக்கிழமை வெந்நீர்க் குளியல், மாடியில் எங்களைப் போன்ற கிழங்களுக்குச் சதுரங்கமும் தேநீரும். நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பாள். என் நெஞ்சில் குழாயை வைத்ததும் அவள் முகம் மாறிவிட்டது, நரின் நகரத்துக்குப் போய்ப் படம் எடுத்தேன், நுரையீரலில் கட்டி, அறுக்க முடியாதாம். எனக்காக அழாதே, நான் வாழ்ந்தாயிற்று. பையனுக்காகத்தான் எழுதுகிறேன்.

தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுப்பது நம் வழக்கம், நீயும் கொடுத்தாய், எங்களை அம்மா அப்பா என்றும் பெற்ற உன்னை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்தான். ஊரில் பல பிள்ளைகள் அப்படித்தான். உன் அம்மா இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் ஓடியது, அவள் செத்ததும் அவன் தாயில்லாப் பிள்ளையாகிவிட்டான். காரியத்தன்று உன் மடியில் விழுந்து "அக்கா, நமக்கு இனிமே அம்மா இல்லியே" என்று அழுதானே, நீ வாயைத் திறப்பாய் என்று பார்த்தேன். நீ திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

இந்த மார்ச் எட்டுக்கு மன்றத்தில் பெண்கள் தின விழா. அம்மாக்களை வரிசையாக உட்காரவைத்து, பிள்ளைகள் பாட்டுப் பாடி, தாங்களே செய்த அட்டையைக் கொடுக்க வேண்டும். எல்தியாருக்கு எதிரே நாற்காலி காலி. தையல் பெண்கள் "நான் உக்காரட்டுமா கண்ணு" என்று கேட்டார்கள். "வேணாம், எங்கம்மா செத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தே முழுப் பாட்டையும் பாடினான். என்னோடு சதுரங்கம் ஆடும் கெரிம்பெக், அவன் நாக்குதான் உனக்குத் தெரியுமே, "உசுரோட இருக்கிறவளை இன்னும் எத்தனை நாளைக்குடா புதைச்சு வைப்ப" என்று கேட்டான். பலகையைத் தூக்கி அவன் தலையில் போடலாம் போலிருந்தது. ஆனாலும் அவன் கேட்டதில் தப்பில்லை.

நானே சொல்லிவிடலாம். ஆனால் இதை அவன் தன்னைப் பெற்றவள் வாயால்தான் கேட்க வேண்டும், போனில் அல்ல, நேரில். அங்கே கட்டிக்கொண்டவனிடம் பிள்ளை இருப்பதை நீ சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு வா. அவன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வா. நான் போனபிறகு வந்தால், பெற்ற தாய் உயிரோடிருக்க அநாதையாக நிற்கிற பிள்ளையைத்தான் பார்ப்பாய்.

முன்னோர் உனக்குத் துணையிருக்கட்டும், உன் வயிறு குளிரட்டும். வரும்போது பையனுக்கு பூட்ஸ் வாங்கி வா, பழையது கடிக்கிறதாம். இதோடு அவன் செய்த அட்டையை வைத்திருக்கிறேன். அம்மா கல்லறையில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "அக்காவுக்கு அனுப்பிடுப்பா, பாவம், அவங்களுக்குத்தான் பிள்ளையே இல்லியே, வேற யாரு குடுப்பாங்க" என்றான்.

உன் அப்பா,
ஜுமகதிர்