பன்னிரண்டு எட்டை விடச் சின்னது

கொட்டாஞ்சேனை
2026 ஜனவரி 19

அன்புள்ள மகன் ரூபனுக்கு,

ஆண்டவர் கிருபையால நான் சுகம். நீங்களும் சுகம் எண்டு பொய் எழுத வேண்டாம், மற்ற விசயங்கள எழுதினாப் போதும்.

போன்ல கதைக்கிறது நமக்கு இனிச் சரிவராது. போன முறை ஆறு நிமிசம் கதைச்சோம். அதில அஞ்சு நிமிசம் ரெண்டு பேரும் மூச்சுத்தான் விட்டோம். அதால மஜீட்ட குடுத்து அனுப்புறன். அவன் என்ட பகல் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வெள்ளவத்தைக்கு எப்பிடியும் வாறான்தானே. "அக்கா, நான் த்ரீவீல்காரனா, தபால்காரனா?" எண்டு கேட்டான். ரெண்டும் எண்டு சொன்னன்.

விசயம் இதுதான். பார்சலுக்கு லேபல் அடிக்க நம்மட ஜெசி தந்த கொம்பியூட்டர் முடிஞ்சுது. கஞ்சி வடிக்கக்குள்ள பானை சரிஞ்சு அதுக்கு மேலயே ஊத்துண்டுபோச்சு. என்ட தம்பி செபஸ்தியன் புதுசு ஒண்டு கொண்டுவந்து வச்சான். ஆனா ஜெசிட 'சோறு' புரோகிராம் அதில ஏறுதில்ல. அவ ஒரு பென் டிரைவ்ல எல்லாத்தையும் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால ஒட்டி வச்சிருக்கிறா. கொம்பியூட்டர், பிரிண்டரோட அதையும் அனுப்புறன்.

நாப்பத்தாறு பேர்ட சாப்பாட்டையும் இப்ப கையால எழுதுறன். மஜீட் ஒரு லேபலத் தூக்கிப் பாத்துட்டு, "அக்கா, இது பேரா, டொக்டர்ட மருந்துத் துண்டா?" எண்டான். நேத்து புதுக்கடையில உறுதி எழுதுற நொத்தாரிசு இராமலெட்சுமி அம்மா போன் எடுத்தா. பச்சைச் சைவம், தெரியும்தானே. "மெற்றில்டா, உங்கட பலாக்காய்க்குள்ள எலும்பு இருக்குதே" எண்டா. வேற ஆருக்கோ போக வேண்டிய பண்டிக்கறி, மகன். நான் போனை வச்சிட்டு ஜெபமாலையக் கையில எடுத்தன்.

பெப்ரவரி பதினெட்டு விபூதிப் புதன். தவக்காலம் துவங்கினா இவருக்கு இறைச்சி இல்ல, அவவுக்கு மீனும் இல்ல, இன்னொருத்தருக்கு வெள்ளியில மட்டும் இல்ல. கையால எழுதினா நான் நரகத்துக்குத்தான் போவன். அதுக்கு முந்தித் திருத்தித் தாங்க. இல்லாட்டி செபஸ்தியன் போன்ல வேற என்னத்தையோ போட்டுத் தாறானாம். எனக்கு வேற வேண்டாம். எனக்கு என்ட பிள்ள செய்ததுதான் வேணும்.

அன்பு மாமி,
மெற்றில்டா


வெள்ளவத்தை
ஜனவரி 22

அன்புள்ள மாமிக்கு,

கொம்பியூட்டர், பிரிண்டர், பென் டிரைவ் மூண்டும் கிடைச்சது. லிஃப்ட் வேலை செய்யேல்லை. மஜீட் நாலு மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினவர். பிளேன்டீ குடுத்தனான். பால் இல்லை.

ஜெசியின்ட புரோகிராமைச் சும்மா கொப்பி பண்ண ஏலாது. புதுக் கொம்பியூட்டரில அடியில இருந்து கட்டோணும். கட்ட முதல் கொன்ஃபிகர் எண்டு ஒரு கட்டம் இருக்குது. நீங்கள் உலை வைக்க முதல் அரிசி இருக்கா, தேங்காய் இருக்கா, காஸ் முடிஞ்சுதா எண்டு குசினியைச் சுத்திப் பாப்பீங்களே, அதுமாதிரி. அது முதலில தேடுறது பைதன். ஜெசி எழுதினதை வரி வரியா வாசிச்சு, கொம்பியூட்டருக்கு விளங்கப்படுத்துற ஆள் எண்டு வையுங்கோ.

அந்த ஆள் உள்ளுக்கு இருக்கிறார். நான்தான் போட்டனான். ஆனா கொன்ஃபிகர் இல்லை எண்டு சொல்லுது. பாக்கிறன். கொஞ்ச நாள் செல்லும்.

எனக்குப் பார்சல் அனுப்ப வேண்டாம். சாப்பிடுறன்.

இப்படிக்கு,
ரூபன்


கொட்டாஞ்சேனை
ஜனவரி 28

அன்புள்ள மகனுக்கு,

உங்கட கடிதம் எனக்கு நல்லா விளங்கிச்சு. உள்ளுக்கு ஆள் இருக்கிறார், கேட்டா இல்ல எண்டு சொல்றாங்க. அரசாங்கக் கந்தோர் கவுண்டர்ல நான் முப்பது வருசமாப் பாக்கிறதுதானே. அதுக்கெல்லாம் கொஞ்சம் சத்தம் போட வேணும், மகன். மெதுவாக் கேட்டா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

இங்க நிலமை மோசம். சீனி வருத்தக்கார வங்கி மனேஜருக்கு ரெட்டைச் சோறு போயிட்டுது. மனுசன் திருப்பி அனுப்புவார் எண்டு பாத்தா, முழுக்கச் சாப்பிட்டுட்டு, "இந்தப் பிழை இனியும் வரட்டும்" எண்டு துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார்.

இன்னொண்டு. மஜீட் வந்து ஒரு கதை சொன்னான். கதவு திறந்து கிடந்ததாம், நீங்க கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தீங்களாம். "மருமகன் தனிய ஈந்து சிரிக்கிறாரு அக்கா. எனக்குப் பயமா ஈக்கி" எண்டான். நான் அவனுக்கு ஏசினன். மனுசன் சிரிச்சா நல்லதுதானே எண்டு சொன்னன். பிறகு நான் குசினிக்குள்ள போய்க் கொஞ்சம் யோசிச்சன்.

என்ன பாத்துச் சிரிச்சீங்க, மகன்?

பாகற்காய்ச் சம்பல் போத்தல்ல அனுப்புறன். இது பார்சல் இல்ல, போத்தல்.

அன்பு மாமி,
மெற்றில்டா


வெள்ளவத்தை
பெப்ரவரி 2

அன்புள்ள மாமிக்கு,

போத்தல் கிடைச்சது.

வேலை நடக்குது. பைதன்தான் இன்னும் பிரச்சினை. சில வேளை பிரிண்டரையும் காணேல்லை எண்டு சொல்லுது. எழுத்துரு, மணிக்கூடு எண்டு வேற சில பிழையளும் வந்தது. ஒவ்வொண்டாப் பாக்கிறன்.

மஜீட் பாத்தது ஒண்டுமில்லை. யூடியூப்பில ஏதோ.

இப்படிக்கு,
ரூபன்


கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 9

மகன் ரூபனுக்கு,

யூடியூப் இல்ல எண்டு மஜீட் சத்தியம் பண்றான். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தாம், அதைப் பாத்துத்தான் சிரிச்சீங்களாம். நோன்பு வரப் போற நேரத்தில அவன் பொய் சொல்ல மாட்டான்.

செபஸ்தியன் தன்ட வேலைத்தலத்தில ஒரு ஆளைக் கேட்டானாம். இது அரை மணித்தியால வேலை எண்டாராம் அந்த ஆள். நான் கேட்ட உடன கோவம் வந்து, "என்ட மருமகன்ட உத்தியோகமே இதுதான், கொம்பனி கொம்பனியாக் கட்டிக் குடுக்கிறவர், அவருக்கே ஏலாட்டி அது லேசான வேலை இல்ல" எண்டு கத்திட்டன். கத்தி முடிஞ்சாப் பிறகுதான் எனக்கே விளங்கிச்சு. உங்கட உத்தியோகமே இதுதான். மூணு கிழமை முடியப் போகுது.

ஏலாது எண்டா ஏலாது எண்டு எழுதுங்க. ஜெசிட கையெழுத்தைப் பாக்க மனம் வருதில்ல எண்டாலும் எழுதுங்க, நான் விளங்கிக்கொள்ளுவன். ஆனா என்னைச் சும்மா வச்சிருக்காதீங்க. பதினேழாம் தேதி வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு செபஸ்தியன் அவன்ட சாமானைப் போடட்டும். என்ட பிள்ள செய்தது மாதா படத்துக்குப் பின்னால திரும்பப் போகட்டும்.

மெற்றில்டா


வெள்ளவத்தை
பெப்ரவரி 11

அன்புள்ள மாமிக்கு,

உண்மையைச் சொல்லுறன். பிழை என்னண்டு நான் முதல் நாளே கண்டுபிடிச்சிட்டன். கால் மணித்தியாலம் கூட எடுக்கேல்லை. அரை மணித்தியாலம் எண்டு அந்த ஆள் சொன்னது எனக்கு அவமரியாதை.

பிழை ஜெசியின்டது. புரோகிராமுக்கு பைதன் மூண்டு தசம் எட்டாம் பதிப்பு, இல்லாட்டி அதுக்குப் பிந்தினது வேணும். புதுக் கொம்பியூட்டரில இருக்கிறது மூண்டு தசம் பன்னிரண்டு. எட்டு, ஒம்பது, பத்து எண்டு வாற வரிசையில பன்னிரண்டாவது. புதுசு. ஆனா அவா எழுதின வரி பன்னிரண்டை இலக்கமாப் பாக்கேல்லை, எழுத்தாப் பாக்குது. பன்னிரண்டின்ட முதல் எழுத்து ஒண்டு. ஒண்டு எட்டை விடச் சின்னன். ஆகவே பன்னிரண்டு எட்டை விடப் பழசு. ஆகவே பைதன் இல்லை.

ஐஞ்சு வருசத்துக்கு முதலே இதை நான் சொன்னனான். ஊரடங்கு நேரம், பல்கனியில இருந்து எழுதிக்கொண்டு இருந்தவா. "பத்தாம் பதிப்பு வந்தா இது குழம்பும்" எண்டன். "வீட்டிலயும் எஞ்சினியரா இருக்காதீங்க" எண்டா. ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. இப்ப அந்த வரிக்கு மேல அவாவின்ட குறிப்பு ஒண்டு கிடக்குது: "இதில பிழை எண்டு ரூபன் சொல்றார். வந்தா அப்ப பாத்துக்கொள்ளலாம்."

வந்திட்டுது, மாமி. அதைத் திருத்தினா அந்தச் சண்டையில நான் வெண்ட மாதிரி. ஒருநாளும் அவாவோட வெண்டதில்லை. இப்பிடி வெல்ல விருப்பமில்லை.

ஆனா மூண்டு கிழமைக்கு அது காரணமில்லை. காரணம் வேற.

ஒரு சாமானைக் காணேல்லை எண்டா கொன்ஃபிகர் வழமையா ரெண்டு இங்கிலிஸ் சொல்லோட நிண்டிடும். ஜெசி அந்த இடமெல்லாம் தமிழில எழுதி வச்சிருக்கிறா. தன்ட தமிழில. முதல் நாள் நான் ஓட விட்ட உடன திரையில வந்தது: "பைதனக் காணல்ல. முதல்ல அதப் போடுங்க. வெறும் அடுப்பில சட்டி வைக்கிற ஆளா நீங்க?"

நான் திருப்பி ஓட விட்டன். திருப்பியும் ஏசினா.

பிறகு மற்றச் சாமான் இல்லாட்டி என்ன சொல்லுவா எண்டு பாக்கோணும் போல இருந்தது. பைதனைத் தேடுற வரியை ஒரு பக்கத்தால சுத்திப் போக விட்டிட்டு, பிரிண்டரின்ட வயரைக் கழட்டினன். "பிரிண்டர் எங்க? வித்துச் சாப்பிட்டாச்சா?" தமிழ் எழுத்துருவை எடுத்தன். "அம்மாட கஸ்டமருக்கு எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். வெக்கமா இல்லையா?" மணிக்கூட்டைப் பின்னுக்குக் கொண்டுபோனன். "இப்ப 1970 ஆம். அம்மாக்கே நாலு வயசு. ஆரு சமைக்கிற?" இதுக்குத்தான் சிரிச்சனான். மஜீட் பாத்தது சரி.

கடைசியா ஹார்ட் டிஸ்க்கை நிரப்பிப்போட்டு ஓட விட்டன். "இடம் இல்ல. கிரிக்கட் வீடியோவ அழிங்க, ரூபன்."

பேரைச் சொன்னா, மாமி. நான்தான் ஒருநாள் இதை ஓட விடுவன் எண்டு அவாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

டெங்குக் காய்ச்சலில அவா போய் ஏழு மாசம். இந்த ஏழு மாசமா என்னை ஆரும் ஏசேல்லை. எல்லாரும் மெதுவாத்தான் கதைக்கினம். கந்தோரில ஒரு முழு நாள் வேலையை நான் அழிச்சுப்போட்டன், "பரவாயில்லை ரூபன்" எண்டினம். இங்க ஒருத்தி மட்டும்தான் ஏசுறா. எல்லாத்தையும் சரிப்பண்ணினா அவாவும் ஏசமாட்டா. 'இருக்கு, இருக்கு, இருக்கு' எண்டு போய் முடிஞ்சிடும். அவா இதெல்லாம் எழுதி வச்ச ஃபைலைக் கூட நான் கடைசி வரைக்கும் வாசிக்கேல்லை. வாசிச்சாத் தீர்ந்திடும்.

இராமலெட்சுமி அம்மாவிட்ட என்ர மன்னிப்பைச் சொல்லுங்கோ.

ரூபன்


கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 13

அன்புள்ள மகனுக்கு,

கடிதத்தை அடுப்படியில நிண்டு வாசிச்சன். பருப்பு அடிப்பிடிச்சிட்டுது. இண்டைக்கு நாப்பத்தாறு பேருக்கும் அடிப்பிடிச்ச பருப்புத்தான், லேபல் தேவைப்படல்ல.

ஏச்சு வேணும் எண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே? இந்தாங்க: மடப் பயலே, மூணு கிழமையா என்ட கொம்பியூட்டர வச்சிக்கொண்டு பிரிண்டர்ட வயரக் கழட்டி விளையாடுறியா? நான் இங்க சைவக்காரிக்குப் பண்டி குடுத்துப் பாவம் சேக்கிறன், நீ அங்க மணிக்கூட்டத் திருப்பிக்கொண்டு இருக்கிறியா?

போதுமா? நீ எண்டு சொல்லிட்டன், கோவிக்காதீங்க. இவ்வளவு நாளும் நானும் உங்களோட மெதுவாத்தான் கதைச்சன். பிழை என்னிலதான்.

அந்தச் சண்டையப் பத்தி ஜெசி எனக்கிட்ட ஒண்டும் சொன்னதில்ல. "நீங்க சொன்னது சரிதான் எண்டு பிறகு ஒத்துக்கொண்டா" எண்டு நான் எழுதினா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா அது பொய். அந்தப் பிள்ள பிறந்ததில இருந்து ஒண்டையும் ஒத்துக்கொண்டதில்ல. அஞ்சு வயசில பூச்சாடிய உடைச்சிட்டு, பூச்சாடி வச்ச இடம்தான் பிழை எண்டு சாதிச்சவ. எனக்கிட்ட இப்பிடி முப்பத்தொரு வருசத்து ஏச்சு இருக்குது, மகன். உங்கட கொம்பியூட்டர்ல அஞ்சோ ஆறோதான். இங்க வந்தாத்தான் சொல்லுவன், கடிதத்தில எழுத மாட்டன். மஜீட் வாசிக்கிறான்.

அவ என்ன எழுதியிருக்கிறா? வந்தா அப்ப பாத்துக்கொள்ளலாம் எண்டுதானே? வந்திட்டுது. இப்ப பாருங்க. அதில வெல்லவும் ஒண்டும் இல்ல, தோக்கவும் ஒண்டும் இல்ல. அவ வச்சிட்டுப் போன வேலை.

மிச்சத்தையும் வாசிங்க.

அன்பு மாமி,
மெற்றில்டா

(நான் வாசிக்கல்ல. அக்கா சத்தமா வாசிச்சா, கேட்டன். — மஜீட்)


வெள்ளவத்தை
பெப்ரவரி 17

அன்புள்ள மாமிக்கு,

மஜீட் கீழ நிண்டு ஹோர்ன் அடிக்கிறார். அதால சுருக்கமா எழுதுறன்.

திருத்தியாச்சு. அவா எழுதின வரியை அழிக்கேல்லை. முன்னால ஒரு குறி போட்டு அதைச் சும்மா இருக்க விட்டிட்டு, கீழ என்ர வரியை எழுதினன். இப்ப பன்னிரண்டு எட்டை விடப் பெரிசு. அவாவின்ட குறிப்புக்குக் கீழ நானும் ஒரு குறிப்புப் போட்டன்: "வந்தது. பாத்தாச்சு." வேற ஒண்டும் எழுதேல்லை. ஏச்சுகள் எல்லாம் இருந்த இடத்திலயே இருக்குது. பிரிண்டரின்ட வயர் கழண்டா உங்களையும் ஏசுவா, கவனம்.

பிறகு ஓட விட்டன். பைதன் இருக்கு. பிரிண்டர் இருக்கு. எழுத்து இருக்கு. மணிக்கூடு சரி. இடம் இருக்கு, கிரிக்கட் வீடியோவை அழிச்சிட்டன். அதோட முடிஞ்சிடும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அதுக்குக் கீழயும் ஒண்டு வச்சிருக்கிறா, மாமி:

"எல்லாம் இருக்கு. இன்னும் என்னத்துக்குத் திரையப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்க? எழும்பிப் போங்க. அம்மா வழி பாத்துக்கொண்டு இருப்பா."

மஜீட்டிட்ட இந்தக் கடிதத்தை மட்டும்தான் குடுத்து விடுறன், கொம்பியூட்டரை இல்லை. நானே தூக்கிக்கொண்டு வாறன். பகலுக்கு எனக்கும் சோறு போடுங்கோ. லேபல் நான் வந்து அடிக்கிறன்.

எழும்பிட்டன்.

ரூபன்