முதல் பக்கம் இல்லாத புத்தகம்

சப்தா துறைமுகம்
ஹிஜ்ரி 571, ஜமாதுல் ஆகிர் 9

என் தங்கை கணவன் கலஃபுக்கு,

சலாம். ஒன்பது வருடங்கள் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. மனசாட்சி உறுத்தினால் கை நடுங்கும் என்பதெல்லாம் பொய் போலிருக்கிறது. என் தங்கை நுஸ்ஹாவுக்கு மூன்றாவது குழந்தை பிறந்ததே இப்போதுதான் எனக்குத் தெரியும். நான் இங்கே மத்தி மீன் வியாபாரிகளுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

துலைத்துலாவில், கிறிஸ்தவ அரசன் ஊரில், ஓதோ என்ற பிராங்கியப் பாதிரியாரிடம் வேலை பார்க்கிறாயாம். நம் புத்தகங்களை அவர் லத்தீனில் எழுதுகிறாராம். வானவில் பற்றிய என் புத்தகத்தை அவருக்காகக் கேட்கிறாய்.

அதை எழுத எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. இருட்டறை, பலகணிக் கதவில் ஒரு துளை, தண்ணீர் நிறைத்த கண்ணாடிக் குடுவை, எதிர்ச் சுவரில் சிவப்பும் பச்சையும் நீலமும். ஒவ்வொரு மழைத்துளியும் இப்படி ஒரு குடுவைதான், வெயில் அதற்குள் புகுந்து வளைந்து திரும்புகிறது என்று எழுதினேன். நம் ஊர் இஷ்பீலியாப் பள்ளிவாசலில் தூணோரம் உட்கார்ந்து, வழக்கப்படி முழுப் புத்தகமும் உரக்க வாசிக்கப்பட்டது. வாசித்தவன் நீ. கேட்ட நாற்பது பேரின் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இறைவனின் அடையாளத்தைக் குடுவையில் அடைத்தான் என்று என்மேல் வழக்கு வந்ததே, அப்போது அந்த நாற்பது பேரில் பதினேழு பேர் தூங்கிவிட்டார்களாம். எட்டுப் பேர் ஊரிலேயே இல்லையாம். ஒவ்வொருவர் சொன்னதும் எனக்கு மனப்பாடம். கடைசியாக, வழக்கை விசாரித்த காஜி உன்னைக் கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வாசிச்சேன், அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் புரியல" என்றாய். மறுநாள் பதினொரு பிரதிகளை எரித்தார்கள். சட்டைக்குள் ஒளித்த ஒன்றோடு நான் கடல் தாண்டினேன்.

புத்தகம் வராது.

ஹம்தூன் இப்னு ஸுஹைர், இஷ்பீலியாக்காரன்

*

துலைத்துலா
571, ஷஃபான் 2

அன்பு மச்சானுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை நுஸ்ஹாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை. அவள் எழுந்து போய் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள். அன்று எங்களுக்கு ரொட்டி அதிகமாகிவிட்டது.

காஜி என்னைக் கேட்ட அந்த நாளில் அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. காலையிலேயே காவலர் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னாலும் அது பதிலாகாது என்று தெரியும்.

பாதிரியார் ஓதோ நல்ல மனிதர். சத்தமாகச் சிரிப்பவர், பன்றிக்கறி தின்பவர், எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதவர். உங்கள் சோதனையை நினைவிலிருந்து அவருக்குச் சொன்னேன். துளை ஒரு கொத்துக்கடலை அளவு, குடுவை துளையிலிருந்து நாலு முழம் தள்ளி, தண்ணீரில் குமிழி இருக்கக் கூடாது என்றேன். அவர் உடனே வைத்தியரிடம் ஓடி, நோயாளிகளின் சிறுநீர் பார்க்கும் கண்ணாடிக் குடுவையை வாங்கி வந்தார். சுவரில் நிறங்கள் விழுந்ததும் அந்தப் பெரிய மனிதர் குழந்தைபோல உட்கார்ந்துவிட்டார். நுஸ்ஹாவிடம் சொன்னபோது, "எங்க அண்ணன் பன்னெண்டு வருஷம் உயிரை விட்டதுக்கு மூத்திரக் குடுவைதான் கிடைச்சுதா?" என்று சிரித்தாள். உங்களைப் பற்றிப் பேசி அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

யோசியுங்கள் மச்சான். இங்கே கேட்க ஆள் இருக்கிறது.

கலஃப்

*

சப்தா
571, ரமலான் 20

கலஃபுக்கு,

கொத்துக்கடலை. நாலு முழம். குமிழி கூடாது. ஒன்றுகூடத் தப்பில்லை. அப்படியானால் அன்றைக்கே உனக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. உன்னை மந்தபுத்தி என்று நினைத்து ஒன்பது வருடத்தில் பாதி மன்னித்து வைத்திருந்தேன். இப்போது அதுவும் போயிற்று.

ஆனாலும் புத்தகத்தை அனுப்புகிறேன், பட்டு வியாபாரி இஸ்ஹாக் மூலம். காரணம் உன் பாதிரியார் அல்ல. போன மாதம் இங்குள்ள பள்ளிவாசலில் அதை வாசிக்க உட்கார்ந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். மழை விட்டதும் எழுந்து போனார். மற்றவருக்குக் காது கேட்காது. எனக்கு ஐம்பத்து நாலு வயது. அந்த நாற்பது பேரும் கைவிட்ட பிறகு, புதிதாகக் கேட்டவர் பெயர் சேராத புத்தகத்தை நம் ஊர்களில் எவனும் பிரதி எடுக்க மாட்டான் என்பது உனக்குத் தெரியும்.

ஒரே நிபந்தனை. ஒரு வரியும் விடாமல் வாசி. எழுதியவன் பெயர், முறைப்படி, முதல் பக்கத்தில் இறைவனைப் புகழ்ந்த வரிகளுக்கு அடுத்து இருக்கிறது. என்னிடம் வீடில்லை, ஊரில்லை, பிள்ளையில்லை. அந்தப் பெயர் மட்டும் போய்ச் சேரட்டும்.

ஹம்தூன் இப்னு ஸுஹைர், இஷ்பீலியாக்காரன்

*

துலைத்துலா
573, ரபியுல் அவ்வல் 4

அன்பு மச்சானுக்கு,

ஒன்றரை வருடம் நான் ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வேலை நாலே மாதத்தில் முடிந்துவிட்டது. எழுதத்தான் தைரியம் வரவில்லை.

நாங்கள் வேலை செய்கிற விதம் இது. நான் அரபியைப் பார்த்து, கடைத்தெருவில் பேசும் பேச்சில் உரக்கச் சொல்வேன். அவர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். முதல் நாள் முதல் பக்கத்தை எடுத்தேன். இறைவனைப் புகழ்ந்து இரண்டு வரி சொல்லியிருப்பேன், அவர் கையை ஆட்டி, "கலஃபு, உங்க தொழுகையெல்லாம் எனக்கு எதுக்கு? அந்தப் பக்கத்தைத் தள்ளு. விஷயத்துக்கு வா" என்றார். எந்தப் புத்தகமானாலும் அப்படித்தான் சொல்வார். பெரும்பாலும் நானே தள்ளிவிடுவேன். அந்தப் பக்கத்தில்தான் உங்கள் பெயர் இருந்தது. யார் எழுதியது என்று அதுவரை அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. எனக்கு வாய் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று பக்கத்தைப் புரட்டினேன். மறுநாள் அவர் குடுவை, துளை என்று முழுகிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது. இந்த முறை வாசலில் காவலர் யாரும் இல்லை மச்சான். சாக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அவர் பிரதியோடு மலை தாண்டித் தன் ஊருக்குப் போய்விட்டார். கடிதம் வந்திருக்கிறது. அங்கே மூன்று பள்ளிகளில் அதைப் படிக்கிறார்களாம். மாணவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் குடுவை தொங்கவிடுகிறார்களாம். சொன்னதை நம்பாதே, அறையை இருட்டாக்கிப் பார் என்பது அங்கே வழக்குச் சொல்லாகிவிட்டதாம். யாரோ பழைய கிரேக்க ஞானி எழுதியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

உண்மையை நானே அவருக்கு எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கடிதத்திலேயே இன்னொன்றும் இருந்தது. இந்த வருடம் அவர்களுடைய தலைமைப் பாதிரியாரான மேற்றிராணியார் முஸ்லிம் பெயர் போட்ட இரண்டு புத்தகங்களைப் பூட்டி வைத்துவிட்டார். பெயர் தெரிந்தால் இதற்கும் அந்தக் கதி வரலாம். பனி மலைப்பாதையை மூடுவதற்குள் தூதன் போகிறான். நீங்கள் எழுதச் சொன்னால் எழுதுகிறேன். இந்த முறை நீங்கள் சொன்னபடிதான் செய்வேன்.

கலஃப்

*

சப்தா
573, ரபியுல் ஆகிர் 1

கலஃபுக்கு,

சலாம். உனக்கு மூன்று பதில் எழுதினேன். முதல் இரண்டையும் அனுப்பியிருந்தால் நுஸ்ஹா இன்னொரு முறை மாவு பிசைந்திருப்பாள். கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் என் பெயரைப் பெரிதாக எழுதி, இதை அப்படியே அனுப்பு என்று எழுதியிருந்தேன். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர் எல்லாம். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரோடு ஏற்கெனவே ஒரு முறை அந்தப் புத்தகம் எரிந்திருக்கிறது. அதையும் கிழித்துவிட்டேன்.

பாதிரியாருக்கு எழுத வேண்டியது வேறு. நாலாம் அத்தியாயத்தில், வானவில்லின் விளிம்பு அதன் நடுவிலிருந்து நாற்பத்தாறு பாகை என்று போட்டிருக்கிறேன். அது தவறு. போன குளிர்காலத்தில் இங்கே கடல்மேல் ஏழு முறை அளந்தேன். நாற்பத்திரண்டுதான். விசாரணையின்போது ஒரு கிழவர் அந்த எண்ணைச் சந்தேகித்தார். அவர்மேல் இத்தனை வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி.

இது தூதன் கையில் போக வேண்டும். பெயர் போட்ட புத்தகத்தில் பிழை இருந்தால் எழுதியவனைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இதில் யாரைத் திட்டுவார்கள்? அந்தப் பிள்ளைகள் மழையில் நின்று அளப்பார்கள், எண் ஒத்துவராது, தங்கள் கண்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

உன்னை மன்னித்துவிட்டதாக எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. அதற்காக உன் தலைமேல் சாபமும் இல்லை. நுஸ்ஹாவிடம் நான் நலம் என்று சொல். மூன்றாவது பிள்ளையின் பெயரை நீ கடைசிவரை எழுதவே இல்லை. வேண்டாம், இனி கடிதமே எழுதாதே. மனு எழுதுகிற இடத்தில் கடிதம் வந்தால் மீன்காரர்கள் என்ன ஏது என்று கேட்கிறார்கள்.

நாற்பத்திரண்டு. எண்ணாக எழுதினால் பிரதி எடுப்பவர் கையில் மாறிப்போகும், எழுத்தாலே எழுது.

மச்சான்